நகரத்துத் தேனீயும் காரீயத் தூசியும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் மொட்டைமாடியில் அடுக்குத் தேனீ (பெட்டியில் வளர்க்கும் நம் நாட்டுத் தேனீ) பெட்டிகள் இரண்டு வைத்திருக்கிறேன். அதனால் ஊரில் யார் வீட்டு பால்கனியில் தேனீ வந்தாலும், யார் தேன் பாட்டில் வாங்கினாலும் எனக்குத்தான் போன். நகரத்து உலோக மாசு பற்றி ஒரே கேள்விகள் மாறி மாறி வருவதால், ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யாமல் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சிட்டி தேன்ல ஈயம் இருக்குமாமே, குழந்தைக்குக் கொடுக்கலாமா?

பத்துப் பேரில் எட்டுப் பேர் இங்கேதான் தொடங்குகிறார்கள், அதனால் இதை முதலில் முடித்துவிடலாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு எந்த ஊர்த் தேனும் கொடுக்கக் கூடாது. அது உலோகத்தால் அல்ல, தேனில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் வித்துகளால். மற்றவர்களுக்கு, நகரத்துத் தேனில் காரீயம் (கேள்வியில் ஈயம் என்றது இந்த லெட்டைத்தான்) இருக்கும், ஆனால் மிக மிகச் சொற்பமாக. கனடாவின் வான்கூவரில் ஒரு ஆய்வுக் குழு நகர் முழுக்க இருக்கும் பெட்டிகளிலிருந்து தேன் எடுத்துப் பார்த்து 2019இல் முடிவுகளை வெளியிட்டது. நகர மையத்தை நெருங்க நெருங்கக் காரீயம் கூடியது உண்மை. ஆனாலும் அதனால் கெடுதல் வர வேண்டுமென்றால் ஒருவர் தினமும் 600 கிராமுக்கு மேல் தேன் சாப்பிட வேண்டும் என்றார்கள். அவ்வளவு சாப்பிட்டால் காரீயத்துக்கு முன்னால் சர்க்கரை ஆளைக் கவிழ்த்துவிடும்.

வான்கூவர் கணக்கு எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது. பேட்டரி உருக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் பெட்டி வைத்தவரின் தேனை நான் வாங்க மாட்டேன்.

ஈயம்னா எங்க பாட்டி ரசம் வைக்கிற ஈயச்சொம்பா? அது விஷமா?

இல்லை. தமிழில் இந்த ஒரு சொல்லால் பெரிய குழப்பம். ஈயச்சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்பக்கம் பூசுவதும் அதுதான். பழைய பேட்டரி, பழைய பெயின்ட், பழைய பெட்ரோல் இவற்றில் இருந்தது காரீயம், வேறு உலோகம், நஞ்சு. ஆனால் மலிவுக்காகக் காரீயம் கலந்த சொம்பும் கடையில் வருகிறது என்பதால் வாங்குவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம். இந்தப் பக்கம் முழுக்க நான் காரீயம் என்றே எழுதுகிறேன். கூடவே வரும் மற்ற ஆசாமிகள் காட்மியம், ஆர்செனிக், நிக்கல், செம்பு, துத்தநாகம். கடைசி இரண்டும் உயிருக்குச் சிறிதளவு தேவை, அளவு மீறினால்தான் வம்பு. காரீயமும் காட்மியமும் தேனீக்கு எந்த அளவிலும் தேவையில்லை.

பூவுக்குள்ள உலோகம் எப்படிங்க போகும்?

மூன்று வழி. முதலாவது தூசி. பிரேக் கட்டை தேயும்போது செம்பும் டயர் தேயும்போது துத்தநாகமும் பொடியாகப் பறக்கின்றன. பட்டறைப் புகை, சுவரிலிருந்து உதிரும் பழைய பெயின்ட் எல்லாம் சேர்ந்து இலையிலும் பூவிலும் படிகின்றன. தேனீயின் உடம்பு முழுக்கக் கிளை பிரிந்த மயிர். பறக்கும்போது அதன் உடம்பில் மின்னேற்றமும் உண்டாகிறது. மகரந்தத்தை இழுத்து ஒட்டிக்கொள்வதற்காக அமைந்த உடம்பு தூசியையும் அதே மரியாதையோடு இழுத்துக்கொள்கிறது.

இரண்டாவது மண். வேர் உறிஞ்சி, தண்டு வழியாக ஏறி, பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் போவது. இதில் உலோகத்துக்கு உலோகம் வித்தியாசம் இருக்கிறது: காட்மியமும் துத்தநாகமும் செடிக்குள் சுலபமாக ஏறிவிடும், காரீயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். அதனால் பூவில் காரீயம் இருந்தால் முதலில் தூசியைச் சந்தேகிக்க வேண்டும். மூன்றாவது தண்ணீர், இதை யாரும் நினைப்பதே இல்லை. கோடையில் கூட்டைக் குளிர வைக்கத் தேனீ நிறையத் தண்ணீர் சுமக்கும், அதுவும் நாம் வைக்கும் சுத்தமான கிண்ணத்தை விட்டுவிட்டுக் குட்டையிலும் சாக்கடை ஓரத்திலும் போய் உட்காரும், உப்புச்சத்துக்காக. என் பெட்டித் தேனீக்கள் எதிர்வீட்டு ஏர்கூலர் தட்டில் குடிப்பதை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் செய்ய முடியவில்லை.

தேன் சுத்தம்னா தேனீக்கும் ஒண்ணும் இல்லைதானே? அப்புறம் எதுக்கு இந்தப் பேச்சு?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். தேன், மகரந்தம், மெழுகு, தேனீயின் உடம்பு நான்கையும் தனித்தனியாகச் சோதித்தால் பொதுவாகத் தேனில்தான் உலோகம் மிகக் குறைவாக இருக்கும், தேனீயின் உடம்பில் பல மடங்கு கூடுதலாக இருக்கும். பூந்தேனைத் தன் தேன்பையில் சுமந்து வந்து, வாய்க்கு வாய் மாற்றி, நொதி கலந்து, விசிறியால் வீசியது போலச் சிறகடித்து வற்ற வைக்கும்போது உலோகத்தில் ஒரு பங்கு தேனீக்களின் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. தூசி எப்படியும் வேலைக்காரத் தேனீயின் மேல்தான். ஆக, பாட்டிலில் இருப்பது வடிகட்டியது, வடிகட்டித் துணியின் கதி என்ன என்று பாட்டிலைச் சோதித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

“எங்கள் தேன் ஆய்வகத்தில் தேறியது, எனவே எங்கள் வட்டாரம் தேனீக்கு உகந்தது” என்று எழுதும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். முதல் பாதி உண்மையாக இருக்கலாம். இரண்டாவது பாதி அதிலிருந்து வராது.

அப்படி என்னதான் ஆகுது அதுக்கு? செத்துப்போகுதா?

பெரும்பாலும் உடனே சாவதில்லை, அதனால்தான் கண்ணில் படுவதும் இல்லை. பூச்சிக்கொல்லி அடித்தால் பெட்டி வாசலில் குவியல் குவியலாகக் கிடக்கும், எவருக்கும் புரியும். உலோகம் தேனீயைக் கொஞ்சம் மந்தமாக்குகிறது. பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் இதை அழகாகச் சோதித்தார்கள். ஒரு வாசனையைக் காட்டிக் கூடவே சர்க்கரைப்பாகு கொடுத்தால், அடுத்த முறை அந்த வாசனைக்கே தேனீ உறிஞ்சுகுழலை நீட்டிவிடும், எச்சில் ஊறுவது மாதிரி. காரீயம், ஆர்செனிக், செம்பு இவற்றில் எதைச் சிறிதளவு கொடுத்தாலும் இந்தப் பாடத்தைக் கற்பதும் நினைவில் வைப்பதும் குறைந்தது.

பல வாரங்கள் மிகச் சிறிய அளவில் காரீயம் கொடுத்துப் பார்த்ததில் இன்னும் ஒன்று தெரிந்தது. நேற்று இந்த வாசனைக்குச் சர்க்கரை, இன்றைக்கு அது இல்லை, வேறொன்றுக்குத்தான் என்று மாற்றினால் அந்தத் தேனீக்கள் மாற்றிக்கொள்ளத் தடுமாறின. தலையும் சராசரியாகச் சிறியதாக இருந்தது. இது ஏதோ பரிசோதனைக்கூட விளையாட்டு என்று நினைக்க வேண்டாம், தேனீயின் முழுப் பிழைப்பும் இதுதான்: போன வாரம் புங்கம்பூ, இந்த வாரம் அது உதிர்ந்துவிட்டது, வேறு மரத்துக்கு மாற வேண்டும். மாறத் தாமதித்தால் வெறும் வயிற்றோடு திரும்பும் தேனீக்கள் கூடும். ஒரு வேலைக்காரத் தேனீக்கு மொத்த ஆயுளே ஆறு வாரம் போல, அதில் கடைசி இரண்டு மூன்று வாரம்தான் வெளியே போய் இரை தேடும். அந்தக் குறுகிய காலத்தில் மந்தம் தட்டினால் ஈடுகட்ட நேரமே இல்லை.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து பழைய எஃகு நகரம், மண்ணில் காரீயம் நிறைய. அங்கே பம்பிள்பீ கூடுகளை நகரின் வெவ்வேறு இடங்களில் வைத்துப் பார்த்தபோது உலோகம் கூடுதலாகச் சேர்ந்த கூடுகள் சரியாக வளரவில்லை. காரீயம் மிகுந்த மண்ணில் நின்ற சூரியகாந்தியில் தேனீக்கள் உட்காரும் நேரமும் குறைந்தது. (பம்பிள்பீ நம் சமவெளியில் கிடையாது, இமயமலைப் பக்கம் உண்டு. கொழுகொழுவென்று மயிரோடு இருக்கும்.)

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. நம்ம பக்கம் யாராவது பார்த்திருக்காங்களா?

பார்த்திருக்கிறார்கள், அதுவும் இதே பெங்களூரில். தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ஷானன் ஓல்சனின் குழுவில் கீதா திம்மேகவுடாவும் மற்றவர்களும் 2017 முதல் 2019 வரை, மாசு குறைந்த இடம் தொடங்கி மிகுந்த இடம் வரை நகரிலும் சுற்றிலுமாக நான்கு இடங்களில் மலைத்தேனீக்களைப் பிடித்தார்கள். மொத்தம் 1,800க்கு மேல். ஆய்வு 2020இல் வெளிவந்தது. தூசு மிகுந்த இடங்களில் பூவுக்கு வரும் தேனீக்களே குறைவு. பிடித்த தேனீக்களில், நடுத்தர, அதிக மாசு உள்ள இடங்களிலிருந்து வந்தவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் செத்துப்போயின. இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்தது, ரத்த அணுக்கள் மாறியிருந்தன, நோய் எதிர்ப்போடும் மன அழுத்தம் மாதிரியான உடல் அழுத்தத்தோடும் தொடர்புள்ள மரபணுக்கள் வேறு மாதிரி வேலை செய்தன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் சிறகிலும் காலிலும் உடம்பிலும் துகள்கள், அவற்றில் காரீயம், ஆர்செனிக் போன்றவை.

மலைத்தேனீயைத் தேர்ந்தெடுத்ததும் யோசித்துச் செய்ததுதான். பெட்டிக்குள் அடங்காது, பாறையிலும் பெரிய மரத்திலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் ஒற்றை அடையைத் தொங்கவிட்டு அதன் மேல் திரைச்சீலை மாதிரி மூடிக்கொண்டிருக்கும். காற்றில் வருவது நேராக அதன் மேல்தான். நம் மாமரம், புளியமரம், சூரியகாந்தி என்று பலவற்றுக்கும் மகரந்தம் சேர்ப்பதில் இதன் பங்கு பெரியது, யாரும் வளர்ப்பதில்லை என்பதால் யாரும் கணக்கு வைப்பதும் இல்லை.

அது உலோகத்தாலதான்னு எப்படிச் சொல்ல முடியும்? புகை இருக்கு, சூடு இருக்கு, இரைச்சல் இருக்கு...

நியாயமான கேள்வி, பொறியாளர் ஒருவர் கேட்டது. பெங்களூர் ஆய்வு காற்றில் மிதக்கும் நுண்துகள்களின் அளவோடு தேனீயின் நிலையை ஒப்பிட்டது. துகளில் உலோகமும் இருக்கிறது, புகைக்கரியும் இருக்கிறது, இன்னும் என்னென்னவோ. “காரீயம்தான் கொன்றது” என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நாமும் சொல்லக் கூடாது. அவர்கள் செய்த ஒரு கெட்டிக்காரத்தனம், ஆய்வகத்தில் வளர்த்த பழ ஈக்களையும் அதே இடங்களில் கொண்டுபோய் வைத்தது. பிறந்த இடமோ சாப்பாடோ காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாதபடிக்கு. அவற்றிலும் அதே திசையில் மாற்றங்கள் தெரிந்தன.

உலோகத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தது மேலே சொன்ன துலூஸ் சோதனை. தெருவில் எல்லாம் கலந்து என்ன ஆகிறது என்று பெங்களூரும், அந்தக் கலவையில் ஒரு சரக்கு தனியாக என்ன செய்யும் என்று துலூஸும் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் படம் கிடைக்கும், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சண்டை போட்டால் இரு பக்கமும் ஜெயிக்கலாம்.

தேனீக்கு நாக்கு இல்லையா? கெட்டதைக் கண்டுபிடிச்சு ஒதுக்கிடாதா?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு போய்விடும் என்று. ஆனால் சூழலில் உண்மையாகக் காணப்படும் அளவுகளில் காரீயம், ஆர்செனிக், துத்தநாகம் கலந்த பாகைத் தேனீ கண்டுபிடிக்காமல் குடித்துவிடுகிறது, மிக அதிக அளவில் கலந்தால்தான் ஒதுக்குகிறது. பம்பிள்பீயிடம் நடத்திய வேறொரு சோதனையில் நிக்கல் கலந்த பூவை அது சீக்கிரம் விட்டுப் போனது, அலுமினியம் கலந்ததைக் கண்டுகொள்ளவே இல்லை. அதாவது சிலதற்கு நாக்கு உண்டு, சிலதற்கு இல்லை.

செல்போன் டவர்தானே உண்மையான காரணம்? அதை ஏன் மறைக்கிறீங்க?

எதையும் மறைக்கவில்லை. சினிமாவும் வாட்ஸப்பும் சேர்ந்து டவரைப் பெரிய வில்லனாக்கிவிட்டன. ஆனால் தேனீ குறைவதற்கு ஆய்வாளர்கள் முதலில் சொல்வது பூ இல்லாமை, பூச்சிக்கொல்லி, நோய், ஒட்டுண்ணி. டவர் உச்சியிலேயே மலைத்தேனீ அடை கட்டியிருப்பதை யார் வேண்டுமானாலும் நிமிர்ந்து பார்க்கலாம்.

காரீய பெட்ரோல் எப்பவோ போயிடுச்சே, இன்னும் என்ன?

இந்தியாவில் 2000இல் நின்றது, உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல். பெரிய வெற்றிதான், காற்றில் காரீயம் சரசரவென்று இறங்கியது. ஆனால் காரீயம் மக்குவதில்லை. எண்பதுகளில் சாலையோரத்தில் விழுந்தது இன்னும் அந்த மண்ணில்தான் இருக்கிறது, தோண்டும்போதும் வெயிலில் காயும்போதும் திரும்பத் தூசியாகிறது. வீட்டுப் பெயின்ட்டில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் காரீயம் கூடாது என்ற விதி இங்கே நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான், அதற்கு முன் அடித்த சுவர்கள் ஊர் முழுக்க உரிந்துகொண்டிருக்கின்றன. பழைய பேட்டரியை முறையில்லாமல் உடைத்து உருக்குவது இன்னொன்று. மின்சார வண்டி வந்தால் புகைக்குழாய் போகும், பிரேக் தேய்வும் ஓரளவு குறையும், டயர் தேய்வது தேயும்.

நோத்ர்தாம் தீயில தேனீ பிழைச்சுதே, அப்ப இதெல்லாம் தாங்கும்தானே?

2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயக் கூரை எரிந்தபோது, அதற்குக் கீழே பக்கத்துக் கட்டடத்தின் கூரையில் இருந்த மூன்று பெட்டித் தேனீக்களும் உயிரோடு இருந்தன, உலகமே மகிழ்ந்தது. எரிந்த கூரையிலும் கோபுரத்திலும் நானூறு டன்னுக்கு மேல் காரீயத் தகடு. வான்கூவரில் வேலை செய்த அதே குழு அந்த ஜூலையில் பாரிஸ் சுற்றுவட்டாரத் தேனைச் சோதித்தது. புகை போன திசையில் இருந்த பெட்டிகளின் தேனில் காரீயம் தெளிவாகக் கூடுதல், ஆனால் ஐரோப்பிய வரம்பான கிலோவுக்கு 0.10 மில்லிகிராமைத் தாண்டவில்லை. தேனைப் பற்றி நிம்மதி, தேனீயைப் பற்றி முன்னமே சொன்ன அதே பதில்தான். உயிரோடு இருப்பதும் நலமாக இருப்பதும் ஒன்றல்ல.

கிராமத்தைவிட சிட்டியிலதான் தேனீ நல்லா இருக்குன்னு படிச்சேன். எது உண்மை?

இரண்டும். பிரிட்டனில் 12 நகரங்களையும் அவற்றுக்குப் பக்கத்து விளைநிலங்களையும் ஒப்பிட்டு 2015இல் வந்த ஆய்வில் நகரங்களில்தான் தேனீ வகைகள் கூடுதலாக இருந்தன. ஒரே பயிர், மருந்தடிப்பு உள்ள வயலைவிட, வருடம் முழுக்க ஏதாவது பூத்துக்கொண்டிருக்கும் தோட்டங்கள் உள்ள ஊர் நல்லது. ஆனால் நகரம் முழுவதும் ஒன்றல்ல, பெரிய பூங்காவின் நடுவும் மேம்பாலத்தின் அடியும் வேறு வேறு உலகம்.

இன்னொன்று, நாம் பேசுவதெல்லாம் கூட்டமாக வாழும் தேனீ. உலகில் உள்ள இருபதாயிரம் வகைகளில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை, அவற்றில் பலவும் மண்ணுக்குள் பொந்து தோண்டி முட்டையிடுபவை. தேன்கூட்டில் ஆயிரம் வேலைக்காரிகள் மந்தமானாலும் ராணி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும், கூடு கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். தனித்தேனீக்கு அந்த வசதி கிடையாது, அது ஒருத்தியேதான் ராணியும் வேலைக்காரியும். போலந்தில் ஒரு துத்தநாக உருக்காலையையும் இங்கிலாந்தில் ஒன்றையும் சுற்றிப் பார்த்தபோது, ஆலையை நெருங்க நெருங்கத் தனித்தேனீ வகைகளும் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே போயின. எனக்குக் கவலை பெட்டித் தேனீயைவிட இவற்றைப் பற்றித்தான்.

மொட்டைமாடியில பெட்டி வைக்கப்போறேன். என்ன பார்க்கணும்?

சுற்றிலும் ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். அடுக்குத் தேனீ பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்தான் மேயும். பேட்டரிப் பட்டறை, முலாம் பூசும் பட்டறை, குப்பை எரிக்கும் இடம் இருந்தால் வேண்டாம், வேறு பொழுதுபோக்கு பார்க்கலாம். பெட்டியைச் சாலைப் பக்கம் பார்க்க வைக்காமல் கட்டடத்தின் பின்பக்கம் வையுங்கள். தண்ணீர் முதல் நாளிலிருந்தே வையுங்கள், ஒரு இடம் பழகிவிட்டால் மாற்றுவது கஷ்டம் (என் ஏர்கூலர் கதை மேலே).

நாமே சேர்க்கும் உலோகமும் உண்டு. வீட்டில் கிடந்த பழைய பெயின்ட்டைப் பெட்டிக்கு அடிக்காதீர்கள். தேன் புளிப்புத் தன்மை உள்ளது, துத்தநாகம் பூசிய தகர டின்னில் வைத்தால் துத்தநாகத்தைக் கரைத்துக்கொள்ளும், கண்ணாடி அல்லது எவர்சில்வர் போதும். புகைப்பானில் பெயின்ட் அடித்த மரத்தூளையும் அச்சடித்த அட்டையையும் போடாமல் தேங்காய் நார் போடுங்கள். கறுத்துப்போன பழைய அடையை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், மெழுகில் வேண்டாதது எல்லாம் சேரும்.

எங்க அபார்ட்மென்ட்ல மலைத்தேனீ கூடு. இவ்வளவு தூசியில கஷ்டப்படுறதுக்கு பதிலா எடுத்துவிட்டா நல்லதுதானே?

கருணையோடு கேட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். “எடுத்துவிடுவது” என்றால் நடைமுறையில் மருந்தடித்தோ தீப்பந்தம் காட்டியோ கொல்வதுதான். எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் அப்படித்தான் நடந்தது, மறுநாள் காலை வாட்ச்மேன் வாளியில் அள்ளினார். மலைத்தேனீ நிரந்தர வாடகைதாரர் அல்ல, பூக்காலம் முடிந்ததும் தானாகக் கிளம்பிவிடும். அதுவரை அந்தப் பக்கத்து ஜன்னலை மூடி, இரவில் அதற்கு நேராக எரியும் விளக்கை அணைத்து, பையன்களைக் கல்லெறியாமல் பார்த்துக்கொண்டால் போதும். நடமாட்டம் உள்ள இடத்தில் தாழ்வாகக் கட்டியிருந்தாலோ, வீட்டில் தேனீக்கடி ஒவ்வாமை உள்ளவர் இருந்தாலோ விஷயம் வேறு. அப்போது கொல்லாமல் இடம் மாற்றத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

செத்த தேனீயை லேப்ல கொடுத்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம், தேனைக் கொடுப்பதைவிட இதில் அதிகம் தெரியும். காரணம் நான்காவது கேள்வியில். தேனீயை வைத்து ஊரின் மாசை அளப்பது பழைய யோசனைதான், அமெரிக்காவின் சியாட்டில், டகோமா பகுதியில் தேனீ வளர்ப்பவர்களே சேகரித்துக் கொடுத்த தேனீக்களை வைத்து ஆர்செனிக்கும் காட்மியமும் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று வரைபடமே போட்டு 1985இல் வெளியிட்டார்கள். ஒரு கூடு தினமும் ஆயிரக்கணக்கான பூக்களைத் தொட்டுவிட்டு வருவதால் அரசு வைக்கும் ஒற்றைக் கருவி போகாத சந்துக்கெல்லாம் அது போய்வந்துவிடும்.

கொடுப்பதானால் உலோகச் சோதனை செய்யும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாகப் பாருங்கள், எத்தனை கிராம் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், ஒன்றிரண்டு தேனீ போதாது. பெட்டி வாசலில் விழுந்தவற்றை உலோகச் சாமணத்தால் எடுக்காமல் பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்து, சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். நான் ஒட்டவில்லை, என் மாமியார் உலர்ந்த திராட்சை என்று திறந்துவிட்டார்.